அறுபத்து நாலாவது ஆட்டக்காரி

சென்ற விஜயதசமி அன்று, ஒரகடம் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரை உள்ள அத்தனை கம்பெனிகளும் மெஷினை நிறுத்திவிட்டு, எங்கள் தெரு சொர்ணம்மாளைப் பார்க்கச் சுங்குவார்சத்திரத்துக்குத் திரண்டு வந்தன. பத்தாயிரம் பேர் இருக்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். வந்தது ஒரே ஒரு கம்பெனி பஸ். அதிலும் பாதிப் பேர் தூங்கிக்கொண்டு வந்தார்கள். முதல் ஷிப்ட் முடித்தவர்கள் வேறு எப்படி வருவார்கள்? ஆனால் இறங்கியவர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். அதில் நான் ஒரு கையைக்கூடச் சேர்க்கவில்லை.

சொர்ணம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் சாம்பார் அவள் பொறுப்பு. வேளைக்குத் தொள்ளாயிரம் பேர். கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் நிற்கிற நிலையைப் பார்த்தால், லைனில் எல்லோரையும் விரட்டுகிற சூப்பர்வைசர்கூடத் தட்டை நீட்டும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வார்.

கேன்டீனுக்கு வெளியே அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. பழைய சினிமாவில் காபரே ஆடிய பெண்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களுடைய புகைப்படத்தில் அவர்கள் கையாலேயே பெயரை எழுதி வாங்குவது. கதாநாயகிகள் வேண்டாம். அவர்களுக்கு ஊர் ஊராக மன்றம் இருந்தது; சொர்ணம்மாள் எதற்கு? வில்லன் சோபாவில் சாய்ந்து புகைவிட, சிவப்பு விளக்குக்குக் கீழே ஜிகினா உடுப்பில் நாலு நிமிடம் ஆடிவிட்டுக் காணாமல் போவார்களே, அவர்கள்தான் வேண்டும்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் ஒரே பதில்தான் சொல்வாள். எட்டு வயதில் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து ஒரு படம் பார்த்தாள். அதில் அப்படி ஒருத்தி ஆடினாள். "இன்னா பேரு நைனா அவங்களுக்கு?" என்று அப்பாவைக் கேட்டாள். "ஆட்டக்காரிக்கு இன்னாடி பேரு? கம்னு பாரு," என்றார் அப்பா. மறுநாளும் அழுது அடம்பிடித்துப் போய், ஆரம்பத்தில் எழுத்து ஓடும்போது எழுத்துக்கூட்டிப் படித்தாள். குதிரை கொடுத்து உதவியவரின் பெயர் இருந்தது. ஆடினவள் பெயர் இல்லை.

அந்தக் கோபம் ஐம்பது வருடமாக ஆறவில்லை. வார விடுமுறை அன்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் என்று எங்கெங்கோ மாடிப்படி ஏறுவாள். பழைய பாட்டுகளிலிருந்து முகத்தை எடுத்துப் பெரிதாக்கிப் படமாக அச்சடித்துக் கொடுப்பவன் ரகுபதி. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே போட்டோ ஸ்டூடியோவும் ஃப்ளெக்ஸ் கடையும் வைத்திருக்கிறான். படம் தயார். ஆனால் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பேரன் பேத்தியோடு இருக்கிறவர்கள் அவ்வளவு எளிதில் "நான்தான்" என்று ஒப்புக்கொள்வார்களா?

அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தாள். உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வேண்டுமென்றே வேறொரு ஆட்டக்காரியின் படத்தை எடுத்து நீட்டுவாள். "இது நீங்கதானம்மா? இன்னா ஆட்டம், இன்னா ஆட்டம்!" அவ்வளவுதான். "இவளா? நானா? இவளுக்கு இடுப்பே வளையாதும்மா! இந்தப் பாட்டுல இவளைப் பின்னால நிக்க வெச்சிட்டு முன்னால ஆடினது யாருன்னு நெனச்ச?" என்று எதிரில் இருப்பவர் எழுந்தே நின்றுவிடுவார். சரியான படம் பையிலிருந்து வெளியே வரும், பேனாவும் வரும். இப்படி அறுபத்து மூன்று பேர். எழுதத் தெரியாத ஒருவர் கட்டைவிரலை உருட்டிக் கொடுத்தார். அந்தப் படத்துக்குத்தான் நல்ல சட்டம் போட்டிருக்கிறாள்.

மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். வீட்டில் சொர்ணம்மாளும் மாமியார் பாப்பம்மாளும்தான். கூடத்துச் சுவரில் ஒரு அங்குலம் விடாமல் படங்கள். முதலில் முணுமுணுத்த பாப்பம்மாள், அறுபத்து மூன்று ஆனதும் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள். "நாயன்மாரு கணக்கு சரியாப் பூட்ச்சி. இதோட நிறுத்திக்கினா புண்ணியம்," என்றாள்.

சொர்ணம்மாள் நிறுத்துவதாக இல்லை. ஏனென்றால் முதலாவது ஆள் இன்னும் வரவில்லை. டூரிங் டாக்கீஸில் பார்த்த அந்தப் பெண். நாற்பத்தோராவது கையெழுத்துப் போட்டவர்தான் அவள் பெயரைச் சொன்னவர். "அது ரீட்டா மஞ்சரி. எங்க குரூப்பு. கல்யாணம் கட்டிக்கினு ஆட்டத்தையே வுட்டுட்டா. தண்டலத்துல கீறான்னு கேள்வி." அன்றைக்கு என் வீட்டுக்கு வந்த சொர்ணம்மாள், நான் கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டாள். "பேரு கெட்ச்சிடுச்சி டீச்சர்," என்றாள். "அவங்க கையால அதை எழுதிட்டா போதும். அதுக்கப்புறம் நான் ஒரு படிகூட ஏற மாட்டேன்."

தண்டலத்தில் தேடிப்பிடித்த வீட்டில் இருந்தவர் பெயர் அன்னபுஷ்பம். எழுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சேலை, வாசலில் பைபிள் வசனக் காலண்டர். மகள் ஷாலின் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். சொர்ணம்மாள் தன் வழக்கப்படி தப்பான படத்தை நீட்டினாள்.

அன்னபுஷ்பம் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "யாரும்மா இது? நல்லா ஆடுவாங்க போலிருக்கே."

தந்திரம் முதல் தடவையாகத் தோற்றது. சொர்ணம்மாள் சரியான படத்தையே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"இதுவும் எனக்குத் தெரியலையே. நான் மிஷன் ஸ்கூல்ல தையல் டீச்சர்மா. முப்பது வருஷம். ஆட்டம் பாட்டமெல்லாம் நமக்கு ஆகாது. காபி குடிக்கிறியா?"

ஆனால் படத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதன் முகத்தில் இருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்துக் கொடுத்தார். யாரோ ஒருத்தியின் முகத்தை யாரும் அப்படித் துடைக்க மாட்டார்கள். சொர்ணம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். அதனால் இன்னும் இரண்டு தடவை போனாள். மூன்றாம் தடவை அன்னபுஷ்பம் வாசற்கதவைப் பாதி சாத்திக்கொண்டு சொன்னார்: "சொர்ணா, சர்ச்சு கொயர்ல பாடற பிள்ளைங்களுக்கு உடுப்பு தைக்கிறவ நான். ரீட்டா மஞ்சரி செத்து நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. அவளை விட்டுடு."

விட்டுவிட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கையெழுத்து இல்லாத அந்தப் படத்தை மட்டும் எல்லாவற்றையும்விடப் பெரிதாகச் சட்டம் போட்டு, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும்படி மாட்டி வைத்தாள். கீழே வெறும் இடம். பெயர் எழுதுவதற்கு.

ஆயுத பூஜை வந்தது. சொர்ணம்மாள் கேன்டீன் பூஜைக்கு விடியற்காலையிலேயே போய்விட்டாள். பாப்பம்மாள் தன் வேலையைத் தொடங்கினாள். அரிவாள்மணை, மண்வெட்டி, மிக்ஸி, கிரைண்டர், பேரன் விட்டுப்போன சைக்கிள், காஸ் அடுப்பு எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கை அத்தோடு நிற்கவில்லை. சுவரில் இருந்த அறுபத்து நான்கு நெற்றிகளிலும் பொட்டு ஏறியது. மீந்திருந்த ஒரு சாமந்தி மாலையை வாசலுக்கு எதிரே இருந்த பெரிய படத்துக்குப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்த சொர்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "உசுரோட கீறவங்க படத்துக்குப் பொட்டு வெச்சி மாலை போட்டு வெச்சிகீறியே, இன்னா அத்தை இது?"

"இன்னிக்கு ஆயுதத்துக்குத்தான வெச்சேன்? கொத்தனாருக்குக் கரண்டி. உனக்கு அண்டா. இவளுங்களுக்கு ஆயுதம் இன்னாடி? ஒடம்புதான? சாமிக்குத் தெரியும், நீ போ," என்றாள் பாப்பம்மாள்.

நான் முப்பத்தாறு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறேன். இப்படி ஒரு பாடம் எந்தப் புத்தகத்திலும் இருந்ததில்லை. சொர்ணம்மாள் மாலையை எடுத்துவிட்டு ஈரத்துணியால் பொட்டுகளைத் துடைத்தாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மத்தியானமே ரகுபதி தன் கடைப் பொரி கடலையைக் கொடுக்க வந்து, வாசலில் நின்று, பொட்டும் மாலையுமாக இருந்த ரீட்டா மஞ்சரியைப் பார்த்திருந்தான். இப்படி ஒரு படத்தைப் பார்த்தால் நம் ஊரில் யாருக்கும் ஒரே அர்த்தம்தான். நல்ல நாள் அதுவுமாகச் சாவைப் பற்றி விசாரிப்பது நாகரிகம் இல்லை என்று, பொரியைப் பாப்பம்மாள் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் போய்விட்டான். "சொர்ணா அக்கா மனசு எவ்ளோ ஒடஞ்சிருக்கும்! நம்மால முடிஞ்சது எதனா செய்யணும்," என்று அன்று முழுவதும் யோசித்தானாம். மெஷினுக்குப் பூஜை போட்டிருந்ததால் அன்று ஓட்ட முடியாது. விஜயதசமி காலையில் சாஸ்திரத்துக்குப் பிள்ளையார் படம் ஒன்றை அச்சடித்தான். இரண்டாவதாக அச்சடித்தது பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ்.

கண்ணீர் அஞ்சலி. அதன் கீழே, ஆள் உயரத்துக்கு, ஜிகினா உடுப்பில் சிரிக்கிற இருபத்து மூன்று வயதுப் பெண். பக்கத்துக்கொன்றாக இரண்டு மெழுகுவர்த்தி, மேலே ஒரு புறா. படத்துக்கும் கீழே, இரண்டடி எழுத்தில், கலையுலகப் பேரொளி ரீட்டா மஞ்சரி. தோற்றம் என்ற இடத்தில் தேதி தெரியாததால் ஒரு ரோஜாப்பூ. மறைவு என்ற இடத்தில் ஆயுத பூஜைத் தேதி. மூலையில், 'துயருடன் சொர்ணம்மாள், கேன்டீன் நண்பர்கள், ரகுபதி டிஜிட்டல்ஸ்.' பதினோரு மணிக்குள் பஸ் ஸ்டாப் பக்கத்துச் சவுக்குக் கம்பில் கட்டியாகிவிட்டது.

ஷாலின் அன்று காஞ்சிபுரத்தில் சேலை எடுத்துக்கொண்டு அந்த வழியாகத் திரும்பினாள். தன் தாயின் இளமை முகத்தை மெழுகுவர்த்திக்கு நடுவில் பார்த்துவிட்டு, போனில் படம் பிடித்துத் தாய்க்கே அனுப்பினாள். பதிலுக்கு வந்தது ஒரே வரி: நீ வீட்டுக்கு வா, நான் போகிறேன்.

இனி நடந்தது என் கண்ணால் பார்த்தது. கொலுவுக்குப் பூ வாங்கப் போனவள் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஆட்டோவிலிருந்து வெள்ளைச் சேலையில் ஓர் அம்மாள் இறங்கி, குடையை மடக்கி, பேனருக்குக் கீழே வந்து நிமிர்ந்து நின்றார். ரகுபதி தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தான்.

"யாருப்பா இதைக் கட்டினது?"

"நான்தாங்கம்மா. எங்க சொர்ணா அக்காவுக்கு ரொம்ப வேண்டியவங்க. பாவம், தவறிட்டாங்க. நீங்க அவங்களுக்குச் சொந்தமா?"

"ரொம்ப நெருங்கின சொந்தம்."

"அப்டியா! எப்டிம்மா ஆச்சு?"

"தெரியலையேப்பா. நானே இப்பதான் கேள்விப்படறேன்."

ரகுபதி துக்கத்தோடு அவருக்கு ஒரு டீ சொன்னான். தானும் ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்று வாங்கிக்கொண்டான். குடிக்கும்போது பேனரைப் பார்த்தான். அந்த அம்மாளைப் பார்த்தான். மறுபடி பேனரைப் பார்த்தான். கிளாஸ் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவன் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சொர்ணா எப்ப வருவா?" என்று கேட்டார் அன்னபுஷ்பம்.

"ஷி... ஷிப்ட் பஸ்ஸுல."

"வரட்டும்." தன் கண்ணீர் அஞ்சலிக்குக் கீழேயே பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தார்.

பஸ் வந்தது. விஜயதசமி அன்றும் ஷிப்ட் வைத்திருந்த ஒரே கம்பெனி அவளுடையதுதான். முதல் ஆளாக இறங்கிய சொர்ணம்மாள் பேனரைப் பார்த்தாள், மூலையில் தன் பெயரைப் பார்த்தாள், கீழே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். அவள் முகம் இருண்டது எனக்குத் தெரிந்தது. ஐம்பது வருடம் காத்திருந்த ஒரு கையெழுத்து இனி எந்த ஜென்மத்திலும் கிடைக்காது. காலில் விழுந்துவிடத்தான் ஓடினாள்.

"வா சொர்ணா. அடக்கமே பண்ணிட்டியா என்னை?"

"மேடம், சத்தியமா எனக்கு..."

"இரு." அன்னபுஷ்பம் அவளைப் பார்க்கவில்லை. பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அந்தக் கீழ் மூலை மடங்கியிருக்கு பாரு. 'மஞ்சரி'யில கடைசி எழுத்து சரியாத் தெரியல. இழுத்துக் கட்டு."

சொர்ணம்மாள் பாதி குனிந்தவள் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள். கேன்டீனில் கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பாளே, அந்த நிமிர்வு.

பின்னாலேயே இறங்கியவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தையல் லைனில் வேலை செய்கிற பூஜா என்ற பெண், "யாருக்கா இவங்க? போட்டோல இருக்கவங்களா?" என்று கேட்டாள்.

"சேச்சே. இவங்க தையல் டீச்சர் அன்னபுஷ்பம். போட்டோல கீறது ரீட்டா மஞ்சரி. அவங்க செத்துட்டாங்க. இந்த மேடமேதான் எங்கிட்ட சொன்னாங்க."

அன்னபுஷ்பம் வெடுக்கென்று திரும்பினார்.

"மூக்கு அப்படியே இருக்கேக்கா," என்றாள் பூஜா.

"மூக்கு ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி இருக்கும்மா. கால்தான் அப்டி வராது. அந்தப் பாட்டுல வில்லன் தொப்பி போட்டுக்கினு உக்காந்துகினு இருப்பான். ரீட்டா மஞ்சரி ஒரு சுத்து சுத்தி, கையே படாம, காலாலயே அந்தத் தொப்பியத் தட்டி வுடுவாங்க. இந்த டீச்சரால முடியுமா? பாவம், பெரியவங்க. தள்ளி நில்லுங்க, அவங்க ஆட்டோ ஏறி வூட்டுக்குப் போவட்டும்."



அன்னபுஷ்பம் கைப்பையை என்னிடம் நீட்டினார். "அம்மா, இதைக் கொஞ்சம் பிடிங்க." குடையைப் பூஜாவிடம் கொடுத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். ரகுபதி ஸ்டூலில், தொப்பியோடு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த அம்மாள் அவன் முன்னால் போய் நின்று, தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், பேனரில் இருந்தது அதே சிரிப்பு. மெழுகுவர்த்திகள் தாமாகவே அணைந்திருக்க வேண்டும். ஒரே சுற்று. இடது கால் மின்னல் மாதிரி மேலே போனது. ரகுபதியின் தலைமயிர் ஒன்றுகூடக் கலையவில்லை. தொப்பி மட்டும் கிளம்பி, டீக்கடைக் கூரையைத் தாண்டி, கம்பெனி பஸ்ஸின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

அப்போதுதான் அந்தக் கைதட்டல். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஜன்னலில் தலையை நீட்டினார்கள். டிரைவர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

"இப்ப சொல்லுடி," என்றார் அன்னபுஷ்பம், மூச்சு வாங்கிக்கொண்டு. "யாரு செத்தா?"

சொர்ணம்மாள், சாம்பார்ப் பொடி டப்பாவில் தேதி எழுத இடுப்பில் செருகி வைத்திருக்கும் கறுப்பு மார்க்கரை எடுத்து நீட்டினாள். மூடியைக்கூட முன்னாலேயே கழற்றி வைத்திருந்தாள். அதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ரகுபதி கயிற்றைத் தளர்த்திப் பேனரைத் தாழ்த்திப் பிடித்தான். அன்னபுஷ்பம் முதலில் 'மறைவு' என்ற இடத்துக்குப் போய், தேதியை அடித்துவிட்டு, 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று எழுதினார். பிறகு கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துகளுக்கு மேலேயே, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ரீட்டா மஞ்சரி என்று எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தார். தையல் டீச்சர் கோடு. துளிகூட வளையவில்லை.

"பேரு கெட்ச்சிடுச்சி டீச்சர்," என்று சொர்ணம்மாள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்கும் பூக்கூடை கையில் இருந்ததால்தான் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

கையெழுத்திட்ட புகைப்படங்கள் சேர்க்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கலாம். பத்தடிக்கு எட்டடியில், இறந்ததாகச் சொல்லப்பட்ட மறுநாள், இறந்தவரே வந்து போட்ட கையெழுத்து எங்கள் சொர்ணம்மாளிடம் மட்டும்தான் இருக்கிறது. கூடத்தில் இடம் போதாமல் பின்பக்கச் சுவரை முழுவதுமாக அதற்குக் கொடுத்திருக்கிறாள். நாயன்மார் கணக்குப் போய் ஆயகலைக் கணக்கு வந்துவிட்டதே என்று நான் பாப்பம்மாளிடம் சொன்னேன். மழைக்காலத்தில் விறகை மூட அந்த ஃப்ளெக்ஸ் கிடைக்காதே என்பதுதான் அவளுடைய ஒரே வருத்தம்.

அன்னபுஷ்பம் இப்போது இரண்டாம் சனிக்கிழமைகளில் வருகிறார். சுவரில் உள்ள ஒவ்வொருவரையும் காட்டி, "இவ எனக்கு அப்புறம் வந்தவ, இவளுக்கு ஹை ஹீல்ஸ் போட்டுக்கிட்டு நிக்கவே தெரியாது," என்று விவரம் சொல்லுகிறார். சொர்ணம்மாள் எல்லாவற்றையும் படத்துக்குப் பின்னால் எழுதிக்கொள்கிறாள். கொயர் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். உடுப்புக்கு அளவெடுக்கும்போது எல்லாரும் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறார்களாம்.

இதையெல்லாம் எழுதி முடித்து, இன்று அவர்கள் எல்லாரையும் உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டினேன். தொப்பி பஸ்ஸின் உச்சிக்குப் போன இடத்தில் ரகுபதி என்னவோ சொல்ல வாயெடுத்தான். சொர்ணம்மாள் ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டான். பாப்பம்மாள் பாதியிலேயே தூங்கிவிட்டாள். அன்னபுஷ்பம் மட்டும் வகுப்பில் கைதூக்குவது மாதிரி கையைத் தூக்கினார்.

"ஒரே ஒரு திருத்தம் டீச்சர். தூக்கினது வலது கால். இடது முட்டி ஆபரேஷன் பண்ணது. அது மேலதான் நின்னேன். அதை எழுதுங்க."